ஒரே அம்புல அஞ்சும் காலி!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பார்ல மிதந்த மர்மப் பொருளைப் பத்தி எழுதினதுக்கு வார்டன் கொடுத்த 'வரவேற்பு' இன்னும் காதுல கேட்குது. அதனால இந்த வாரம் நான் ஊர்லயே இல்லை. செம்மேட்டுல உட்கார்ந்து எழுதறேன். ஆமா, கொல்லிமலைதான்!

காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. முப்பது வரைக்கும் கெத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிட்டே வந்தேன். அதுக்கப்புறம் பக்கத்து சீட் பாட்டி கொடுத்த எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு, கண்ணை மூடிட்டேன். "டூரா தம்பி?"ன்னு பாட்டி கேட்டாங்க. டூர் இல்லீங்க பாட்டி. ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்கப் போறேன்.

செம்மேட்டுல இறங்கினா, வில்லோட நிக்கிற வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர், இந்த மலையை ஆண்டவர். ஒரே அம்பு. அது யானையைத் துளைச்சு, புலியைத் துளைச்சு, மான், பன்றி எல்லாத்தையும் தாண்டி, கடைசியில புத்துல இருந்த உடும்பு மேல போய்க் குத்துச்சாம். புறநானூறுல வன்பரணர் பாடியிருக்கார். பிளஸ் டூ வரைக்கும் இதை ரெண்டு மார்க் கேள்வியா மட்டுமே பார்த்தவன் நான். போன வாரம்தான் அந்த உடும்போட கஷ்டம் எனக்குப் புரிஞ்சது!

நாலு பேரு, ஒரு சர்வர்

கதையை முதல்ல இருந்து சொல்றேன். நாங்க நாலு பேரு, தேர்டு இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஹாஸ்டல்ல ஒரே ரூம். ரூம்மேட்ல ஒருத்தன் கொல்லிமலைக்காரன், பட்டப்பேரு 'மிளகு'. (செமஸ்டர் லீவு முடிஞ்சு வர்றப்ப எல்லாம் ஒரு பை மிளகு கொண்டு வருவான். மெஸ் சாப்பாட்டுக்கு அதுதான் எங்களுக்கு உயிர்காப்பான்!)

2002-ல அமெரிக்காவுல ப்ரென்ட் ஆக்ஸ்லின்னு ஒரு பையன், ஃப்ளோரிடா அட்லான்டிக் யுனிவர்சிட்டி ஹாஸ்டல் ரூம்ல இருந்து 'ஹோஸ்ட்கேட்டர்'னு ஒரு வெப் ஹோஸ்டிங் கம்பெனியை ஆரம்பிச்சார். அது பின்னாடி உலகம் முழுக்கத் தெரிஞ்ச கம்பெனியா வளர்ந்துச்சு. "அவருக்கும் ஹாஸ்டல், நமக்கும் ஹாஸ்டல். அவருக்கு மூளை இருந்தா நமக்கு நாலு மூளை"ன்னு கணக்குப் போட்டோம். ஒரு ரீசெல்லர் பிளான் வாங்கி, தெரிஞ்சவங்க கடை, ஜிம், டியூஷன் சென்டர்னு 14 வெப்சைட்டை ஏத்தினோம். அதுல ஒண்ணு, மிளகோட அப்பா நடத்துற ஹோம் ஸ்டே. ரெண்டே ரூம். பின்னாடி சில்வர் ஓக் மரம், மரத்துல ஏறின மிளகுக் கொடி, கீழ காபிச் செடி. போட்டோ போட்டா போதும், புக்கிங் தானா வரும்!

பணம் வாங்கணுமே? அதுக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். யாருக்கு எவ்வளவு, எப்போ கட்டணும், கட்டலைன்னா ஞாபகப்படுத்துற மெயில், எல்லாம் தானா போகும். இந்த வசதியைப் பார்த்துட்டு ஹோம் ஸ்டேவோட அட்வான்ஸ் பில்லையும் அதுலயே போட்டுக் கொடுத்தோம். அப்பாவும் சந்தோஷப்பட்டார்.

அந்த பில்லிங் சாஃப்ட்வேரை எங்க வெச்சோம்? இருக்கவே இருக்கு அதே சர்வர். அதே அக்கவுன்ட். 14 சைட்டோட பதினஞ்சாவதா ஒரு ஃபோல்டர். தனி மெஷின் எடுத்தா மாசம் சில நூறு ரூபாய் கூட ஆகும்னு ஒருத்தன் சொன்னான். "அந்தக் காசுக்கு நாலு பிரியாணி சாப்பிடலாம்டா"ன்னு இன்னொருத்தன் சொன்னான். ஓட்டெடுப்புல பிரியாணி ஜெயிச்சுது. அந்த இன்னொருத்தன் நான்தான்.

ஆடிப் பதினெட்டு போன் கால்

ஆடி 17, 18 ஓரி விழா. மலை முழுக்கக் கூட்டம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வர்றவங்க, ஆகாய கங்கையில குளிக்க வர்றவங்கன்னு ரூம் கிடைக்காது. அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மிளகோட அப்பா போன். அவரை நானும் 'அப்பா'ன்னுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, கோயமுத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்குதுங்க. கைக்குழந்தையோட. 8,400 ரூவா முழுசாக் கட்டிட்டோம்ங்கறாங்க. நம்ம கணக்குல ஒண்ணும் வரலையே?"

அவங்க காட்டின மெயிலை வாட்ஸ்அப்ல அனுப்பினார். எங்க பில்லேதான். எங்க லோகோ, எங்க மெயில் முகவரி, சரியான பேரு, சரியான தேதி, சரியான தொகை. ஒண்ணே ஒண்ணுதான் வேற. யு.பி.ஐ. ஐ.டி.!

வயித்துல புளியைக் கரைச்சுது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தா, விழாவுக்கு ரூம் போட்டிருந்த எல்லாருக்கும் அதே மெயில் போயிருக்கு. நல்லவேளை, கட்டினது இவங்க மட்டும்தான். உடனே 1930-க்கு, அதான் சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய எண், அவங்களைக் கூப்பிடச் சொன்னோம். ஆனா பணம் போய் ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு. புகார் பதிவாச்சு. பணம் இந்த வாரம் வரைக்கும் திரும்பலை. (பணம் போன நிமிஷமே 1930-ஐக் கூப்பிட்டா, அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு ஜாஸ்தி. நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணிக்கோங்க!)

அந்தக் குடும்பத்தை அப்பா திருப்பி அனுப்பலை. ரூமைத் திறந்து விட்டு, ராத்திரிச் சாப்பாடும் போட்டிருக்கார். ஒரு பைசா வாங்கலை. ஓரி ஆண்ட மண்ணாச்சே! நாங்களும் ஒரு வகையில வள்ளல்தான். கஸ்டமர் டேட்டாவை வாரி வழங்கிட்டோமே!

அம்பு வந்த வழி

விடிய விடிய லாக் ஃபைலைப் படிச்சதுல வழி தெரிஞ்சுது. ஆரம்பம் பில்லிங்ல இல்லை, ஹோம் ஸ்டே சைட்லயும் இல்லை. சம்பந்தமே இல்லாத ஒரு ஜிம் வெப்சைட். அதுல போட்டோ ஏத்துறதுக்கு ஒரு இலவச பிளக்-இன் போட்டிருந்தோம். போட்டதோட சரி, அப்டேட்டே பண்ணலை. போட்டோ ஏத்த வேண்டிய இடத்துல எவனோ ஒரு பி.எச்.பி. ஃபைலை ஏத்திட்டான். அது ஓடின நிமிஷத்துல இருந்து, அவன் கிட்டத்தட்ட சர்வருக்குள்ள உட்கார்ந்து டைப் பண்ற மாதிரி.

ஷேர்டு ஹோஸ்டிங்ல ஒரே கம்ப்யூட்டர்ல நூத்துக்கணக்கான வெப்சைட் குடியிருக்கும். நல்ல கம்பெனியா இருந்தா ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி யூஸர் அக்கவுன்ட் போட்டு, ஒருத்தர் வீட்டை இன்னொருத்தர் எட்டிப் பார்க்க முடியாதபடி சுவர் வெச்சிருப்பாங்க. ஆனா நாங்க என்ன பண்ணினோம்? 14 சைட்டையும் பில்லிங்கையும் ஒரே யூஸருக்குக் கீழ அடுக்கிட்டோம். சர்வரைப் பொறுத்தவரைக்கும் எல்லாம் ஒரே ஆளோட ஃபைல். சுவரே கிடையாது. ஜிம் சைட் ஃபோல்டர்ல நுழைஞ்சவன் ஒரு படி மேல ஏறி, பில்லிங் ஃபோல்டர்ல இறங்கி, கான்ஃபிகரேஷன் ஃபைலைத் திறந்தான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதுலதான் இருக்கும். முடிஞ்சுது கதை. பில்லுல யு.பி.ஐ. ஐ.டி.யை மாத்தி, எங்க மெயில் சர்வர்லயே எங்க பேர்லயே அனுப்பிட்டான். மெயில் உண்மையிலேயே எங்ககிட்ட இருந்து போனதால ஸ்பாம் ஃபில்டர்லயும் மாட்டலை.

இதைவிட இன்னொரு பயங்கரம் இருக்கு. பில்லிங் சாஃப்ட்வேர் வெறும் கணக்கு நோட்டு இல்லை. பணம் கட்டினா புது அக்கவுன்ட்டைத் திறக்கும், கட்டலைன்னா நிறுத்தும். இதுக்காக சர்வரோட மாஸ்டர் சாவி அதுகிட்ட இருக்கும். சைட்ல இருந்து பில்லிங்குக்கு வந்தவன், பில்லிங்ல இருந்து மொத்த சர்வரையும் பிடிச்சிடலாம். போக ஒரு வழி, வர ஒரு வழி!

அதோட முடிஞ்சுதா? பயந்து போய் நாங்களே சர்வரை ஆஃப் பண்ணினோம். பண்ணின பிறகுதான் மண்டையில உறைச்சுது. கஸ்டமருங்க போன் நம்பர் எல்லாம் அந்த பில்லிங் டேட்டாபேஸ்லதான் இருக்கு! "ஏமாந்துடாதீங்க"ன்னு சொல்லக்கூட நம்பர் இல்லை. வீடு பத்திக்கிட்ட நேரத்துல, ஃபயர் சர்வீஸ் நம்பரை எழுதின காகிதம் அந்த வீட்டுக்குள்ளயே!

பல்பு வாங்கினது நாங்க மட்டும் இல்லை

ரொம்ப அவமானமா இருந்துச்சு. அப்புறம் தேடிப் படிச்சப்பதான், எங்களைவிடப் பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இதே பள்ளத்துல விழுந்திருக்காங்கன்னு தெரிஞ்சுது.

உலகத்துல ஏகப்பட்ட ஹோஸ்டிங் கம்பெனிங்க பில் போடறதுக்குப் பயன்படுத்துற சாஃப்ட்வேர், டபிள்யூ.எச்.எம்.சி.எஸ். 2012 மே 21-ம் தேதி அந்த கம்பெனியோட சர்வரையே கவுத்துட்டாங்க. எப்படித் தெரியுமா? கோடு கீடு எதுவும் உடைக்கலை. அவங்க சர்வரை வெச்சிருந்தது நம்ம ஹோஸ்ட்கேட்டர்கிட்ட. (ஆமா, அதே ஹாஸ்டல் ரூம் கம்பெனி!) அங்க ஒருத்தன், டபிள்யூ.எச்.எம்.சி.எஸ்.-ஸோட தலைமை டெவலப்பர் மாதிரியே நடிச்சு, அடையாளக் கேள்விக்கெல்லாம் சரியா பதில் சொல்லி, லாகின் விவரத்தை வாங்கிட்டான். ஃபைல் எல்லாம் அழிஞ்சுது. அதுக்கு முன்னாடி 17 மணி நேரத்துல வந்த ஆர்டரும் சப்போர்ட் டிக்கெட்டும் போச்சு. சுமார் 5 லட்சம் பேரோட விவரம் வெளியில வந்ததா செய்தி. கிரெடிட் கார்டு விவரம் என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் ஆபத்து இருக்கலாம்னு கம்பெனியே எச்சரிச்சுது. பூட்டும் சாவியும் ஒரே மெஷின்ல கிடந்தா, பூட்டு இருந்து என்ன பிரயோஜனம்?

2013-ல அமெரிக்காவுல டார்கெட் கடைகள்ல சுமார் 4 கோடி கார்டு விவரம் திருடு போச்சு. திருடங்க உள்ளே வந்தது, குளிர்சாதன வேலை பார்க்கிற ஒரு கான்ட்ராக்டரோட லாகின்ல. பில் அனுப்புறதுக்கும் கான்ட்ராக்ட் வேலைக்கும் அவருக்கு டார்கெட் சிஸ்டத்துல ஒரு வழி விட்டிருந்தாங்க. அந்தச் சின்ன சந்துல நுழைஞ்சவங்க, கடைசியில கல்லாவுல கார்டு தேய்க்கிற மெஷின் வரைக்கும் போயிட்டாங்க.

அமெரிக்கா எதுக்கு, நம்ம டெல்லி எய்ம்ஸ்! 2022 நவம்பர் 23-ம் தேதி ரான்சம்வேர் தாக்கி சர்வர் எல்லாம் படுத்துடுச்சு. ஓ.பி. சீட்டு, லேப் ரிப்போர்ட், பில்லு, எல்லாத்தையும் பேனா பேப்பர்ல எழுத வேண்டிய நிலைமை. வெளியூர்ல இருந்து விடியக்காலையிலேயே வந்து வரிசையில நிக்கிற நோயாளிங்களை நினைச்சுப் பாருங்க. அஞ்சு சர்வர்ல சுமார் 1.3 டெராபைட் டேட்டா முடக்கப்பட்டதா அரசு நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. காரணமா என்ன சொன்னாங்க தெரியுமா? நெட்வொர்க்கைச் சரியா பிரிச்சு வைக்கலை. அவ்வளவுதான்!

இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்ச ஞானமும் இல்லை. கார்டு பணம் வாங்குறவங்களுக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். விதிமுறை 2004-ல வந்துச்சு. 'ஒரு சர்வருக்கு ஒரே முக்கிய வேலை'ங்கறது அதுல ரொம்ப வருஷமா இருந்த விதி. அந்தப் பாடம் எங்க சிலபஸ்லயும் இருக்கு. அஞ்சாவது யூனிட். சாய்ஸ்ல விட்டுட்டோம்!

மிளகு செட்டும் கணக்கு நோட்டும்

சரி, செம்மேட்டுக்கு வருவோம். அப்பா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தேன். அம்மா கருப்பட்டிக் காபி கொடுத்தாங்க. கவர்ல 8,400 ரூபாயை வெச்சு நீட்டினேன். நாலு பேரும் பிரிச்சுப் போட்ட காசு. திட்டுவார்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவர் திட்டலை. காசை எண்ணினார். உள்ளே போய் ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வந்து எழுதிக்கிட்டார்.

"மிளகெல்லாம் ரோட்டோர செட்லதான் இருக்குது. நோட்டை மட்டும் ஏனுங்கப்பா வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். சும்மா பேச்சை மாத்தத்தான் கேட்டேன்.

"செட்டுக்கு நாலு பேரு வருவாங்க போவாங்க தம்பி. வியாபாரி வருவாரு, சுமை தூக்குறவங்க வருவாங்க. எல்லாரையும் சந்தேகப்பட முடியுமா? ஒரு தடவை ராத்திரியில ரெண்டு மூட்டை போயிருச்சு. மூட்டை போனா அடுத்த வருசம் காய்க்கும். நோட்டு போயிருந்தா, எவனுக்கு நான் தரணும், எவன் எனக்குத் தரணும்னு யாரைப் போய்க் கேக்கறது?"

நாலு இன்ஜினீயரிங் மூளைக்கு எட்டாததை மனுஷன் ரெண்டு வரியில சொல்லிட்டார். வெப்சைட்டுங்கறது அந்த செட்டு மாதிரி. பத்துப் பேரு வந்து போகத்தான் செய்வாங்க, வரலைன்னாதான் தப்பு. அதுல என்னிக்காவது ஒரு ஓட்டை விழும். விழாதுன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. ஓட்டை விழுந்த அன்னிக்கு உள்ள வர்றவனோட கைக்குக் கணக்கு நோட்டு எட்டணுமா, எட்டக் கூடாதாங்கறதுதான் நாம முடிவு பண்ற விஷயம். ஓரியோட அம்பு அஞ்சையும் துளைச்சதுக்குக் காரணம் வில்லு மட்டுமா? அஞ்சும் ஒரே கோட்டுல நின்னுச்சே!

இனிமே இப்படித்தான்!

காலேஜ்ல இருந்தே சின்னதா பிசினஸ் பண்றவங்க, சிம்போசியத்துக்கு ஆன்லைன்ல ஃபீஸ் வாங்குறவங்க, அண்ணாச்சி கடைக்கு வெப்சைட் பண்ணிக் கொடுக்கிறவங்க... எல்லாருக்கும் எங்க தரப்புல இருந்து இலவச ஆலோசனை. (8,400 ரூபாய் கொடுத்து வாங்கினது!)

1. பில்லிங்குக்குத் தனி மெஷின். தனி ஃபோல்டர், தனி சப்-டொமைன் எல்லாம் போதாது. முடிஞ்சா வேற கம்பெனிகிட்ட ஒரு சின்ன வி.பி.எஸ். எடுங்க. அதுல பில்லிங்கைத் தவிர ஒரு ஹலோ வேர்ல்டு பக்கம்கூட இருக்கக் கூடாது. தனி பாஸ்வேர்டு, லாகினுக்கு ஓ.டி.பி. கட்டாயம்.

2. பிரிச்சு வெச்சுட்டு, மாஸ்டர் சாவியை பில்லிங் கையிலயே கொடுத்தா பிரிச்சதுக்கு அர்த்தமே இல்லை. அக்கவுன்ட் திறக்க, நிறுத்த மட்டும் அனுமதி இருக்கிற சாவியைக் கொடுங்க. அழிக்கிற அதிகாரம் மனுஷன்கிட்டயே இருக்கட்டும்.

3. கார்டு நம்பரை நீங்க தொடவே தொடாதீங்க. 2022 அக்டோபர் 1-ல இருந்து, கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர யாரும் கார்டு விவரத்தைச் சேமிச்சு வைக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே போட்டிருக்கு. பேமென்ட் கேட்வே பக்கத்துக்கு அனுப்பிடுங்க, அவங்க பார்த்துப்பாங்க.

4. பேக்கப் மெஷின்தான் சர்வர்ல இருந்து டேட்டாவை இழுக்கணும். சர்வர் போய் பேக்கப்ல எழுதற மாதிரி வெச்சா, சர்வரைப் பிடிச்சவன் பேக்கப்பையும் அழிச்சுட்டுப் போயிடுவான்.

5. கஸ்டமர் போன் நம்பரை மாசம் ஒரு தடவை பிரின்ட் எடுத்து பீரோவுல வைங்க. சிரிக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி அந்த ஒரு பேப்பர் இருந்திருந்தா, இந்தப் பத்தியோட பாதி இருந்திருக்காது.

6. மாட்டிக்கிட்டா மறைக்காதீங்க. சர்வீஸ் கொடுக்கிறவங்க, நிறுவனங்கள் எல்லாம் இந்த மாதிரி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்லணும்னு 2022-லயே உத்தரவு வந்தாச்சு. கஸ்டமருக்கும் நீங்களே முதல்ல சொல்லுங்க. 14 பேரையும் தேடிப் பிடிச்சு நாங்க சொன்னோம். ரெண்டு பேர் எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க. கோபம் நியாயமானதுதான்.

இப்போ எங்க பில்லிங் தனி மெஷின்ல ஓடுது. 14 சைட்டும் (ஸாரி, 12!) தனித்தனி யூஸர். மாசச் செலவு? நாலு பிரியாணி கட். இந்த முறை ஓட்டெடுப்பே நடக்கலை.

கிளம்பும்போது அப்பாகிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உங்க சைட்டை நாங்களே தொடர்ந்து பார்த்துக்கட்டுங்களாப்பா?"

"சைட்டை வெச்சுக்குங்க தம்பி. பில்லு மட்டும் நானே நோட்டுல எழுதிக்கறேன். நீங்க படிச்சு முடிங்க, அப்புறமா பார்க்கலாம்"னு சொல்லி, ஒரு பை மிளகைக் கையில திணிச்சார்.

பஸ்ல ஏறிட்டேன். பையில மிளகு இருக்கு, நம்பிக்கைதான் இன்னும் முழுசா திரும்பலை. அதுக்கு பேக்கப்பும் கிடையாது. சம்பாதிச்சுத்தான் ஆகணும். கீழே இறங்க இன்னும் 70 வளைவு இருக்கு, எலுமிச்சம்பழம் ரெடி.

அடுத்த வாரம் வார்டன் அனுமதிச்சா... சந்திப்போம்!